பார்வை பெற்ற ஊசி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்

"கட்டியில் ஊசி குத்தினால் புற்றுநோய் உடலெங்கும் பரவிவிடும்" என்னும் அச்சம் நம் மக்களிடையே உண்டு. இவ்வச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, நோய் முற்றியபின் மருத்துவரை நாடுவோரும் உளர். அந்த ஊசி என்னதான் செய்கிறது? நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இதனை அறியலாம்.

ஒரு கட்டி புற்றுநோய்தானா என்று உறுதி செய்ய, அதன் திசுவில் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் காண வேண்டும். இதுவே 'பயாப்சி'. ஊசியால் திசுவை உறிஞ்சி எடுக்கும் முறையை 1930-இல் நியூயார்க்கில் மார்ட்டின், எல்லிஸ் என்னும் இருவர் விளக்கி எழுதினர். கைக்குத் தட்டுப்படும் கட்டிக்கு அது போதும். கல்லீரலுக்குள் 4 செ.மீ. ஆழத்தில் மறைந்திருக்கும் கட்டியை எவ்வாறு அடைவது?

இங்குதான் ஒலி கைகொடுக்கிறது. கேளா ஒலி உடல் திசுவில் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்லும். 4 செ.மீ. ஆழம் சென்று எதிரொலி திரும்ப ஏறத்தாழ 52 மைக்ரோ விநாடி ஆகும். இந்நேரத்தை அளந்தே ஸ்கேன் கருவி படம் வரைகிறது. உலோக ஊசியும் திரையில் வெண்கோடாகத் தெரியும். மருத்துவர் அதைப் பார்த்தபடியே இரத்தக்குழாய்களை விலக்கி ஊசியைச் செலுத்துகிறார். காற்று நிறைந்த நுரையீரலில் ஒலி பயன்படாது. அங்கே, ஹவுன்ஸ்பீல்டு கண்டுபிடித்து 1971-இல் முதல் நோயாளியைப் படமெடுத்த சி.டி. ஸ்கேன் உதவுகிறது.

சோதிக்கும் இதே வழியில் சிகிச்சையும் நடைபெறுகிறது. விநாடிக்கு நான்கு இலட்சம் முறைக்கு மேல் திசைமாறும் மின்னோட்டத்தை ஊசிமுனை வழியே செலுத்தினால், திசுவின் அயனிகள் அலைக்கழிந்து வெப்பம் பிறக்கிறது. 60 டிகிரி செல்சியசைத் தாண்டினால், வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போலப் புரதங்கள் உறைந்து செல்கள் மடிகின்றன. மற்றொரு முறையில், ஆர்கான் வாயு ஊசிக்குள் நுண்துளை வழியே விரிந்து கடுங்குளிரை உண்டாக்கிக் கட்டியை உறையச் செய்கிறது. நாம் படித்த ஜூல்-தாம்சன் விளைவே இது!

இம்முறைகளுக்கு எல்லையும் உண்டு. கல்லீரலில் 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளிலேயே வெப்ப ஊசி சிறந்த பலன் தருகிறது. அருகில் பெரிய இரத்தக்குழாய் இருந்தால், ஓடும் இரத்தம் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும்.

ஊசி சென்ற பாதையில் நோய்ச் செல்கள் தங்கிவிடாவா? அவ்வாறு நேர்வது உண்டு, ஆனால் அரிது. அதனைக் குறைக்கவே உறை ஊசி ஒன்றை நிறுத்தி, அதன் உட்புறமாகத் திசுவை எடுக்கும் முறையும் கையாளப்படுகிறது. சிலவகைக் கட்டிகளில் மருத்துவர்களே ஊசியைத் தவிர்த்து அறுவை செய்வர். அரிதான இந்த ஆபத்துக்கு அஞ்சி நாள் கடத்தினால், நோய் வளர நாமே காலம் கொடுத்தவர்களாவோம்.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். மருத்துவமனைச் சீட்டை நம்மிடம்தான் நீட்டி, "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறார்கள். அப்போது அச்சத்தைப் போக்கி உண்மையை எடுத்துச் சொல்வோம். நாம் கற்ற அறிவியலுக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன?