வயிற்று ஸ்கேனும் கதிர்வீச்சும்

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பு மணல் அள்ளுகிறார்கள். அந்தப் பக்கம் குடியேறிப்போன நம்ம சொந்தக்காரர்கள் பார்த்திருப்பார்கள். இல்மனைட், ரூட்டைலோடு அதில் கொஞ்சம் மொனசைட்டும் உண்டு. மொனசைட்டில் தோரியம் இருக்கிறது. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வந்துகொண்டேயிருக்கும். அந்த மணலில் மட்டுமா? மலைக் கல், மண், ஆகாயம், தின்னும் சோறு, எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் வருகிறது. உலக சராசரிப்படி ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட்.

இந்தக் கணக்கை ஞாபகம் வைத்தால் ஆஸ்பத்திரிச் சங்கதி விளங்கும். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில், சில நாட்களில் இயற்கை தரும் அளவுதான் படும். வயிற்று எக்ஸ்ரே என்றால் மூன்று நாலு மாத அளவு. வயிறும் இடுப்பும் சேர்த்து சீ.ரி. ஸ்கேன் எடுத்தால் 8 முதல் 10 மில்லிசீவர்ட் வரை. அதாவது மூன்று நாலு வருடத்து அளவு, சில நிமிடத்தில். அந்த மெஷின் உடம்பைச் சுற்றிச் சுழன்று பல கோணத்தில் கதிரைப் பாய்ச்சுவதே காரணம். மருந்து ஏற்றாமல் ஒருமுறை, ஏற்றி ஒருமுறை என்றால் அளவும் ஏறக்குறைய இரட்டிப்பு.

அதற்காகப் பயந்து ஓட வேண்டாம். 10 மில்லிசீவர்ட் பட்டால், 2000 பேரில் ஒருவர் அதனால் பிற்காலத்தில் புற்றுநோயில் இறக்கலாம் என்பது மதிப்பீடு. குடல்வால் வெடித்தவருக்கும், மரத்திலிருந்து விழுந்து உள்ளே இரத்தம் கசிபவருக்கும் ஸ்கேன் எடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ஆனால் சாதாரண வயிற்றுவலிக்கு, "காசு கட்டுறோம், பெரிய ஸ்கேனே எடுங்க டாக்டர்" என்று நிற்பது வேறு கதை. பெரிய மெஷின் என்றால் பெரிய வைத்தியம் என்றொரு நினைப்பு நம்மிடம் இருக்கிறதே! பித்தப்பைக் கல்லுக்கும் கர்ப்பப்பைக் கோளாறுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட் போதும். அது ஒலி அலை, கதிரில்லை. எம்.ஆர்.ஐ.யிலும் இல்லை.

பெண்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேணும். 1956இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் டாக்டர் அலிஸ் ஸ்டுவர்ட், புற்றுநோயில் பிள்ளைகளை இழந்த தாய்மாரிடம் விசாரித்துப் பார்த்தார். கர்ப்பத்தில் வயிற்று எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு அந்நோய் கிட்டத்தட்ட இருமடங்கு வந்திருந்தது. பல வைத்தியர்கள் முதலில் நம்பவில்லை, பிறகு ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால், மாமியார் பக்கத்தில் நிற்கிறாரே என்று மறைக்காமல் மேசையில் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கும் கதிர் கூடுதலாகப் பாதிக்கும்.

எடுத்த படத்தையும் ரிப்போர்ட்டையும் லயத்துக் கூரையில் செருகாமல் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது அதைக் கையோடு கொண்டுபோனால், அதே ஸ்கேனை இரண்டாம் தடவை எடுக்கத் தேவைப்படாமல் போகலாம்.