கிளைக்கடை கைவிட்டுப் போகாதிருக்க...

பிள்ளைகள் கணினியில் ஆடும் விண்வெளி விளையாட்டுக்கள் சிலவற்றில் வியாபாரிகளுக்கும் பாடம் இருக்கிறது.

2022இல் ஸ்டார்டொக் நிறுவனம் வெளியிட்ட 'கெலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 4' விளையாட்டில் முக்கிய கிரகங்களுக்கு ஆளுநர்களை நாமே நியமிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் திறமையும் உண்டு, விசுவாச அளவும் உண்டு. திறமையை மட்டும் பார்த்து நியமித்து, விசுவாசத்தைக் கவனியாது விட்டால் அவர் பிரிந்துபோய்த் தனி அரசு அமைத்துவிடக்கூடும்.

கிளைக்கடைகளில் நடப்பதும் இதுவே. வாடிக்கையாளரையும் சரக்குத் தருபவரையும் முகாமையாளர் ஒருவரே அறிந்திருந்தால், நாளை எதிர்ப்பக்கத்தில் அவரது கடை திறக்கப்படும். ஆகவே அவருக்குரிய இலாபப் பங்கை எழுத்தில் கொடுங்கள். சரக்குத் தருபவரோடு நீங்களும் நேரடியாகப் பேசி வாருங்கள்.

ஊழியரின் மனநிறைவு வேறு கணக்கு. 1996இல் வந்த 'மாஸ்டர் ஒஃப் ஓரியன் 2' விளையாட்டில், சர்வாதிகார ஆட்சியில் படைமுகாம் இல்லாத குடியேற்றத்தில் மக்களின் உற்சாகம் 20 வீதம் குறையும். உற்பத்தியும் அதனோடு விழும். முகாம் கட்டினால் அந்தக் குறை நீங்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் 20 வீதம் கூட வேண்டுமானால் ஹோலோ சிமுலேட்டர் என்ற பொழுதுபோக்குக் கூடத்தைக் கட்ட வேண்டும்.

கடையில் பூட்டும் கண்காணிப்புக் கெமரா அந்த முகாம் போன்றது. களவைத் தடுக்கும், விற்பனையைக் கூட்டாது. உரிய நாளில் சம்பளம், தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் நேரம், பெருநாளைக்கு முன் ஒரு கொடுப்பனவு, இவைதான் ஊழியரை முகமலர்ச்சியோடு நிற்க வைக்கும். கூலியைத் தாமதிக்காது கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

மாத முடிவில் காசுக் கணக்கோடு இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.