பவுண்டுக் கணக்கு

கேள்வி: என் மகன் பர்மிங்காமில் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி. முடித்து எட்டு மாதம் ஆகிறது. கிராஜுவேட் விசாவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. திரும்பி வரச் சொல்லவா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: உடனே சொல்லாதீர்கள், அம்மா. சிக்கல் மகனின் மதிப்பெண்ணில் இருக்காது. சம்பளக் கணக்கில் இருக்கும். கிராஜுவேட் விசாவிலிருந்து வேலை விசாவுக்கு மாற, அரசு உரிமம் பெற்ற நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டும். 2025 ஜூலை முதல் அதற்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் குறைந்தது 41,700 பவுண்டு. புதுப் பட்டதாரிக்கு அவ்வளவு தர யார் முன்வருவார்? ஆனால், கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுபவர்களுக்குச் சலுகை உண்டு: 33,400 பவுண்டிலிருந்து தொடங்கும், வேலையைப் பொறுத்துக் கூடும். எல்லா முதலாளிகளுக்கும் இது தெரிந்திருக்காது. நேர்முகத்தில் மகனே எடுத்துச் சொல்லட்டும்.

உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. முதலில் அவற்றுக்கு விண்ணப்பிக்கட்டும். ஸ்பான்சர் சான்றிதழுக்கு லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

கூடவே சென்னை, பெங்களூரிலும் இப்போதே தேடலாம். 'ஒரு வருஷப் படிப்பு இங்கே செல்லாது' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அத்தகைய முதுகலைப் பட்டங்களை ஏற்க இந்தியாவும் பிரிட்டனும் 2022-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டன.

கல்விக் கடன் இருக்கிறதா? பெரும்பாலும் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். அதற்குமுன் வங்கி மேலாளரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.