வயல் வேலையாட்களுக்குச் சூடான மதிய உணவு

நெல் வயலிலும் தோட்டத்திலும் ஆள்பிடித்துச் செய்விக்கும் வேலைகளுக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் கொடுப்பது வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். அருவி வெட்டையும் சூடடிப்பையும் இன்று பெரும்பாலான இடங்களில் இயந்திரம் செய்துவிடுகின்றது. ஆயினும் நாற்று நடுகை, களை பிடுங்கல், வெங்காயம் கிண்டுதல், மிளகாய்ப்பழம் ஆய்தல் ஆகியவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நாளில் இறங்கவேண்டியே இருக்கின்றது. இவர்கள் உண்ணும் மதியச் சோறு கமக்காரரின் செலவுக் கணக்கில் சிறியதொரு தொகையே. ஆனால், அந்தச் சோறு கெட்டிருந்தால் மறுநாள் வயலில் ஆள் இராது. நாற்றைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாக வரம்பில் வைத்தபின் நடுவதற்கு ஆள் இல்லாமற் போவது எத்தகைய நட்டம் என்பதைக் கமக்காரருக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. வேலையாளுக்கோ அது இருமடங்கு நட்டம். நோயும் அவருடையது, இழந்த நாட்சம்பளமும் அவருடையது.

பல வீடுகளில் நடைபெறுவது இதுதான். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டப்படுகின்றது. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாகவே சமைக்கப்படுகின்றன. ஆறு மணிக்குள் சோறும் கறியும் ஆளுக்கொரு பார்சலாகக் கட்டப்பட்டு, ஒரு கடகத்தில் அடுக்கப்பட்டு, உழவு இயந்திரப் பெட்டியில் வயலுக்குப் போகின்றன. பார்சலை அவிழ்க்கும்போது மணி பன்னிரண்டரை அல்லது ஒன்று. சமைத்த வேளைக்கும் உண்ணும் வேளைக்கும் இடையில் ஏழு மணி நேரம் கழிந்துவிடுகின்றது. சோறு அப்போது சூடாகவும் இல்லை, குளிர்ந்தும் இல்லை. இளஞ்சூடாக இருக்கின்றது. கையால் தொட்டுப் பார்ப்பவர் “இன்னும் சூடு ஆறவில்லை” என்று மகிழ்வார். உண்மையில், கேடு விளைவதற்கு மிக ஏற்ற நிலை அந்த இளஞ்சூடே.

சோறு கெடுவது ஏன்?

அரிசியில் ‘பசிலசு சீரியசு’ எனப்படும் பற்றீரியாவின் வித்திகள் இயல்பாகவே ஒட்டியிருக்கும். இது மண்ணில் வாழ்வதாகையால் வயலிலிருந்தே நெல்லோடு வருகின்றது. அரிசியை எத்தனை முறை களைந்தாலும் வித்திகள் முற்றாக நீங்கா. நன்றாகக் கொதிக்க வைத்தாலும் அவற்றுட் சில பிழைத்துக்கொள்ளும். சோறு 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் இருக்கும்வரை அவை முளைப்பதில்லை. அதற்குக் கீழே சூடு தணிந்து, பல மணி நேரம் அவ்வாறே கிடக்கும்போது வித்திகள் முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. உண்ட ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துள் குமட்டலும் வாந்தியும் தோன்றுவது இந்த நச்சினால்தான். வயிற்றோட்டம் உண்டாக்கும் இன்னொரு வகையும் உண்டு. அது சற்றுத் தாமதித்துத் தோன்றும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். பிழைபோன சோற்றை மீண்டும் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சுப்பொருள் மறுபடி கொதிக்கவைப்பதால் அழிவதில்லை. சோறு புளித்த மணம் வீசவில்லை என்பதும் அது நல்ல சோறு என்பதற்குச் சான்றாகாது. மணமும் சுவையும் மாறுவதற்கு முன்னரே நச்சு உண்டாகியிருக்கக்கூடும்.

ஆகவே, சோறு உண்ணும்வரை உண்மையிலேயே சூடாக இருத்தல் வேண்டும். இல்லையேல் சூடு தணிந்த இரண்டு மணி நேரத்துள் உண்ணப்படுதல் வேண்டும். மற்ற எல்லாச் சமையல் ஏற்பாடுகளும் இந்த ஒரு விதியை நிறைவேற்றுவதற்காகவே.

எப்போது சமைப்பது?

காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் பிரித்துவிடுவதே முதலிற் செய்யவேண்டியது. காலைக்குப் பழஞ்சோறோ, குரக்கன் பிட்டோ, அவித்த பயறோ போதும். மதியத்துக்குரிய உலையைக் காலை பத்து மணிக்குப் பின் வைக்கலாம். வீட்டுக்கும் வயலுக்கும் இடைத்தூரம் ஓரிரு மைலாயின் பன்னிரண்டு மணிக்கு வடித்த சோறு பன்னிரண்டரைக்கு வயலில் இருக்கும். தூரம் அதிகமாயின் அரிசியையும் காய்கறியையும் கொண்டுபோய் வயல் வாடியிலேயே சமைத்தல் நன்று. மூன்று கல் அடுப்பும், மூடியுள்ள ஒரு பெரிய பானையும், கிணற்று நீர் அல்லது குழாய் நீர் நிறைந்த கலனும் இருந்தாற் போதும்.

பத்துப் பேருக்குச் சமைப்பது ஓர் ஆளின் முழுநாள் வேலை என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே விடியுமுன் எழுந்து இதைச் செய்து முடித்து, பின்னர் நடுகைக்கும் இறங்குகின்றார். இரு வேளைச் சமையலும் ஒரே நேரத்தில் முடிக்கப்படுவதற்குக் காரணம் அறியாமையன்று, கை போதாமையே. சமையலுக்கென ஒருவரை நிறுத்தி, அவருக்கும் நாட்சம்பளம் எழுதுவதே முறை. கணக்குப் புத்தகத்தில் அச்செலவு நடுகைக் கூலியின் ஒரு பகுதியாகவே சேரவேண்டியது.

அளவைப் பொறுத்தவரை, கடும் வேலை செய்பவருக்கு மதியத்துக்கு ஏறக்குறைய ஒரு சுண்டு அரிசி கணக்கு. நான்கு பேருக்கு ஒரு கொத்து. புழுங்கலரிசி இதற்கு ஏற்றது. சோறு ஒன்றோடொன்று ஒட்டாது. வடித்த கஞ்சியைக் கொட்டிவிடாது சிறிது உப்பிட்டு, சூட்டோடு சூடாக வேலையாட்களுக்குப் பருகக் கொடுக்கலாம்.

வைக்கோற் பெட்டி

பத்து மணிக்குப்பின் சமைக்க வசதியில்லாதவர்களுக்கு வைக்கோற் பெட்டி கைகொடுக்கும். இதற்குக் காசு செலவில்லை. வைக்கோலின் தாள்களிடையே அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. உமிக்கும் இக்குணம் உண்டு.

பழைய தேயிலைப் பெட்டி அல்லது பலகைப் பெட்டி ஒன்றை எடுத்து, அடியில் நன்கு காய்ந்த வைக்கோலை நாலு விரற்கடையேனும் இறுக்கமாகப் பரப்புதல் வேண்டும். நடுவில் பானையை வைத்து, சுற்றிலும் அதே கனத்துக்கு வைக்கோலைத் திணித்தல் வேண்டும். பானையை வெளியே எடுத்தாலும் குழி சரியாது நிற்கும் அளவுக்குத் திணிப்பது நன்று. சுத்தமான சாக்கு ஒன்றில் வைக்கோலை அடைத்துத் தலையணைபோலத் தைத்து, மூடியின்மேல் அமர்த்தி, அதன்மேற் பெட்டியின் பலகையை மூடிக் கயிற்றாற் கட்டிவிடலாம்.

இதில் தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களிலே. ஒன்று, பானையில் அரைவாசி மட்டும் சோறிருத்தல். குறைந்த சோறு விரைவில் ஆறும். ஆகவே பானை நிறைந்திருக்க வேண்டும். ஆட்கள் குறைவாயின் பானையும் சிறிதாக வேண்டும். மற்றது ஈர வைக்கோல். ஈரம் சூட்டை இழுத்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கி ஆவி பறக்கும்போதே மூடியிட்டுப் பெட்டியுள் வைக்கவேண்டும். வழியிலே திறந்து பார்த்தலாகாது.

வேலையில்லாத நாளொன்றில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தல் பயன் தரும். பானை நிறையக் கொதிநீர் வார்த்து மூடி வைத்து, வழக்கமாகக் கழியும் மணி நேரம் சென்றபின் வெப்பமானியால் அளக்கலாம். 60 பாகைக்குக் குறைந்திருந்தால் வைக்கோலின் கனத்தைக் கூட்டவேண்டும், அல்லது சமைக்கும் நேரத்தைத் தள்ளிவைக்கவேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதன் அளவு ஏறத்தாழ 42 பாகையோடு முடிந்துவிடும். சமையலுக்குரிய வெப்பமானி கடைகளிற் கிடைக்கின்றது.

கறி வகைகள்

தேங்காய்ப்பால் சேர்ந்த கறியும் சொதியும் வெயிலில் விரைவிற் கெடும். அவற்றை வயலுக்குக் கொண்டுபோவதாயின் கடைசியாகச் சமைத்து, கொதிக்கக் கொதிக்கத் தனிப்பாத்திரத்தில் எடுத்துச்செல்லல் வேண்டும். தேங்காய்ச் சம்பலும் வல்லாரைச் சம்பலும் பச்சையாகச் செய்யப்படுவன. கை பட்டுப் பிசையப்படுவனவும் அவையே. நடுகை நாளில் அவற்றை விட்டுவிடுதலே நலம். கீரைக்கு விருப்பமுள்ளோர் முருங்கையிலையைப் பருப்போடு சேர்த்துக் காய்ச்சலாம். புளியோ கொறுக்காயோ சேர்த்து வற்றக் காய்ச்சிய மீன்கறி, கருவாட்டுக் குழம்பு, கௌபி, கடலை, பயற்றங்காய்ப் பிரட்டல் முதலியன வேலை நாளுக்கு ஏற்றவை. நாளெல்லாம் சேற்றில் நிற்பவருக்குச் சோறு மட்டும் போதாது. பருப்பு வகையோ மீனோ முட்டையோ ஒன்று இலையில் இருக்கவேண்டும்.

கையில் சீழ்ப்புண் உள்ளவர் சமைக்கவும் பரிமாறவும் கூடாது. புண்ணிலிருந்து உணவிற் சேரும் பற்றீரியாவும் கொதிக்கவைத்தால் அழியாத நச்சை உண்டாக்கவல்லது.

கட்டுவதா, பரிமாறுவதா?

சிறு பார்சல் ஒவ்வொன்றும் தனித்தனியே விரைவில் இளஞ்சூட்டு நிலையை அடைகின்றது. ஒரே பானையில் இருக்கும் சோறு நெடுநேரம் சூடு தாங்குகின்றது. ஆதலால் வீட்டிற் பார்சல் கட்டாது, பானையோடு கொண்டுபோய் வயற்கரையில் இலையிற் பரிமாறுவதே சிறந்தது. ஆளுக்கு வேண்டிய அளவு கிடைப்பதும் சோறு வீணாகாதிருப்பதும் அதனால் வரும் மேலதிக நன்மை. பார்சல் கட்டியே ஆகவேண்டுமாயின் குழம்பைச் சோற்றின்மேல் ஊற்றாது தனியே கொண்டுசெல்லல் வேண்டும்.

உணவு சுற்றும் பொலித்தீன் தாள்களும் ரெஜிபோம் பெட்டிகளும் 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அவை இல்லாமையால் கமக்காரருக்குக் குறையொன்றும் இல்லை. அனலில் வாட்டிய வாழையிலை கிழியாது மடியும். யாழ்ப்பாணத்துப் பனையோலைத் தட்டுவத்தில் இலையை விரித்துச் சோறிடலாம். மட்டக்களப்புப் பகுதியில் தாமரையிலையில் உண்பது வழக்கம். குளத்து நீர் பட்ட இலையாகையால் அதைக் கிணற்று நீரில் இருபுறமும் கழுவித் துடைத்த பின்னரே பயன்படுத்துதல் வேண்டும். அச்சு மை படிந்த பழைய பத்திரிகைத் தாளிற் சோற்றைக் கட்டலாகாது.

கையும் நீரும்

வாய்க்கால் நீரிற் கை கழுவிவிட்டு உண்ண அமர்வது எங்கும் காணப்படும் பழக்கம். வயல் நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கக்கூடும். எலிக்காய்ச்சல் அதனாலேயே பரவுகின்றது. சோற்றோடு ஒரு கலன் கிணற்று நீரும் சவர்க்காரமும் வயலுக்குப் போகவேண்டும். எலிக்காய்ச்சல் பரவும் பகுதிகளில் வயலில் இறங்குமுன் எடுக்கவேண்டிய தடுப்பு மாத்திரைபற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். கிருமிநாசினி அல்லது களைநாசினி விசிறியவர் சவர்க்காரமிட்டுக் கை, முகம் கழுவி, மேற்சட்டையை மாற்றிய பின்னரே சோற்றுப் பானையை அணுகலாம். நாசினி வந்த கலன் எத்தனை முறை கழுவப்பட்டாலும் குடிநீருக்கு உதவாது. அதைத் துளையிட்டுப் பயனற்றதாக்கிவிடல் வேண்டும்.

குடிநீர் மதியத்தில் மட்டுமன்றிக் காலை முதலே நிழலில் இருத்தல் வேண்டும். வேலையாள் தாகம் எடுத்தபின் வரம்பேறி வருவார் என்று காத்திராது, மணிக்கொரு முறை நீரோ, உப்பிட்ட மோரோ கொண்டுபோய்க் கொடுத்தல் நன்று.

மிஞ்சிய சோற்றை இரவுக்கென வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்லலாகாது. வரம்பிற் கொட்டினால் எலி வந்து சேரும். குழியில் இட்டு மண்ணால் மூடிவிடலாம். பெட்டியின் வைக்கோலை அன்று மாலையே வெளியே எடுத்து, மறுநாள் வெயிலில் உலர்த்தி வைக்கவேண்டும். சோறோ குழம்போ சிந்திய வைக்கோலை அகற்றிவிட்டுப் புதியது போடுதல் வேண்டும்.