அட்ரசினைத் தின்னும் நுண்ணுயிர்

கேள்வி: ஐயா, கரும்புக்கு அட்ரசின் களைக்கொல்லி அடித்த கழனியில் உளுந்து போட்டேன். முளைத்து வந்து, இலை ஓரம் கருகிப் பட்டுப்போனது. மருந்தைத் தின்னும் பாக்டீரியா என்று பாட்டிலில் விற்கிறார்களே, வாங்கலாமா?
- ஒரு வாசகர், கலசபாக்கம், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: தின்னும் பாக்டீரியா உண்மையிலேயே உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா விஞ்ஞானிகள் 1995இல் அறிவித்த சூடோமோனாஸ் ஏ.டி.பி., அட்ரசினிலுள்ள குளோரினை முதலில் கழற்றுகிறது. அதோடு மருந்தின் வீரியம் போய்விடும். பிறகு மிச்சத்திலுள்ள தழைச்சத்தை உணவாக்கிக்கொள்கிறது. மண்ணில் யூரியா தாராளமாக இருந்தால் இந்த வேலை மந்தமாகிவிடுவதுண்டு. பிரியாணி இருக்கும்போது பழையதை யார் தொடுவார்?

ஆனால் ஆய்வகத்தில் வளர்த்ததைக் காய்ந்த கழனியில் கொட்டினால் பெரும்பாலும் பிழைக்காது. பாட்டிலுக்குக் காசு அழ வேண்டாம். வருடக்கணக்கில் அட்ரசின் விழுந்த மண்ணில் அதை உடைக்கும் இனங்கள் தாமாகவே பெருகியிருப்பதுண்டு. அவற்றுக்கு வேண்டியது ஈரமும் மக்கிய தொழுவுரமும். கோடையில் காயப்போட்ட நிலத்தில் மருந்து அப்படியே கிடக்கும்.

அடுத்த விதைப்புக்கு முன், அந்தக் கழனி மண்ணை ஒரு தொட்டியிலும் மருந்து படாத மண்ணை இன்னொன்றிலும் நிரப்பி, உளுந்து ஊன்றி மூன்று வாரம் பாருங்கள். கருகினால் இந்தப் பட்டத்துக்கு மக்காச்சோளம் போடுங்கள்; அட்ரசின் அதை ஒன்றும் செய்யாது. மேலும் சந்தேகம் இருந்தால் வாழவச்சனூர் வேளாண் கல்லூரியில் கேளுங்கள்.