பொய்கைக் கரையில் ஒரு குடில்

நல்ல உழவன் தன் நிலத்தை ஓயாது பயிரிட்டுக்கொண்டே இரான். ஒரு பருவம் விளைத்தபின், சில காலம் அதனைத் தரிசாக விட்டுவைப்பான். வெயிலும் மழையும் காற்றும் படிந்து மண் மீண்டும் உரம்பெறும். மனித உள்ளமும் அத்தகையதே. பலவகைக் கவலைகளாலும் ஓயாத அலுவல்களாலும் சோர்ந்த உள்ளத்தில் புதிய எண்ணம் எளிதில் முளைப்பதில்லை. எளிய வாழ்வும் இயற்கையின் அணிமையும் அத்தகைய உள்ளத்திற்குப் புத்துயிர் ஊட்டவல்லவை. இதற்குத் தக்க சான்றாக விளங்குவது, அமெரிக்க நாட்டு அறிஞர் ஹென்றி டேவிட் தோரோவின் வாழ்க்கையாகும்.

தோரோ 1817ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கான்கார்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் பென்சில் செய்யும் தொழிலை நடத்திவந்தார். ஹார்வர்டு கல்லூரியில் பயின்று 1837இல் பட்டம் பெற்ற தோரோ, தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். மாணவரை அடித்துத் திருத்தவேண்டும் என்று மேலிடத்தார் வற்புறுத்தவே, சில நாட்களிலேயே அப்பணியைத் துறந்தார். பின்னர்த் தம் தமையனார் ஜானுடன் கூடித் தாமே ஒரு பள்ளியை நடத்தினார். அங்குப் பயின்ற சிறுவர்கள் காட்டிற்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் செல்லப்பெற்று, மரம், செடி, பறவை ஆகியவற்றை நேரிற் கண்டு கற்றனர்.

உடன்பிறந்தார் இருவரும் ஓருயிர் ஈருடலாய்ப் பழகினர். 1839ஆம் ஆண்டில், தாங்களே செய்த படகொன்றில் ஏறி, கான்கார்டு, மெரிமாக் என்னும் ஆறுகளின் வழியே இரண்டு வாரம் பயணம் செய்து மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1842ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சவரக் கத்தியைத் தீட்டும்போது ஜானின் விரலில் சிறு காயம் உண்டாயிற்று. அக்காயத்தின் வழியே இசிவு நோய் பற்றிக்கொண்டது. ஜனவரி 11ஆம் நாள், தம்பியின் கைகளிலேயே தமையன் உயிர் நீத்தார்.

அந்த ஆற்றுப் பயணத்தை ஒரு நூலாக எழுதித் தமையனாரின் நினைவாக உலகிற்கு அளிக்கவேண்டும் என்பது தோரோவின் பெருவிருப்பம். ஆனால் பிழைப்பிற்கான வேலைகள் அவர் பொழுதைக் கவர்ந்துகொண்டன. 1843இல் நியூயார்க்கை அடுத்த ஸ்டேட்டன் தீவிற்குச் சென்று, ஒரு குடும்பத்துச் சிறுவர்களுக்குக் கல்வி கற்பித்தார். நகரத்துப் பத்திரிகைகளில் எழுதி முன்னேறலாம் என அவர் எண்ணியதும் கைகூடவில்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே ஊர் திரும்பினார். தமையனார் மறைந்து மூன்றாண்டுகள் கடந்தன. உள்ளத்தில் துயரம் இருந்தது. குறிப்பேடுகளில் செய்திகள் இருந்தன. நூல் மட்டும் முற்றுப்பெறவில்லை.

கான்கார்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கல் தொலைவில் வால்டன் என்னும் பொய்கை உண்டு. காடு சூழ்ந்த அதன் கரையில், அறிஞர் எமர்சன் 1844ஆம் ஆண்டில் சிறிது நிலம் வாங்கியிருந்தார். தம் நண்பராகிய தோரோ அங்குக் குடியிருக்க அவர் இசைந்தார். 1845ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில், தோரோ ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு காட்டிற்குள் சென்றார். ஊசியிலை மரங்களை வெட்டித் தூணும் உத்திரமும் தாமே செதுக்கினார். பழைய குடிசை ஒன்றை விலைக்கு வாங்கிப் பிரித்து, அதன் பலகைகளைக் கொணர்ந்து சுவர் அமைத்தார். இரவல் வாங்கிய கோடரியை, வாங்கியபோது இருந்ததினும் கூர்மையாகத் தீட்டி உரியவரிடம் ஒப்படைத்தார்.

அக்குடிலின் நீளம் 15 அடி. அகலம் 10 அடி. அதற்கான செலவு 28 டாலர் 12½ செண்டு. ஹார்வர்டில் பயிலும் மாணவர் ஓர் அறைக்கு ஆண்டுதோறும் செலுத்தும் வாடகை அந்நாளில் 30 டாலராக இருந்தது. ஓராண்டு வாடகையினும் குறைந்த பொருளில் வாழ்நாள் முழுவதற்கும் ஏற்ற வீடு கிடைத்துவிட்டதைத் தோரோ கணக்கெழுதிக் காட்டினார். ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் அதிற் குடிபுகுந்தார்.

ஒரு கட்டில், ஒரு மேசை, எழுதுவதற்கு ஒரு சாய்மேசை, மூன்று நாற்காலிகள், சில கலங்கள், ஒரு விளக்கு ஆகியவற்றோடு அவருடைய உடைமை பெரும்பாலும் முடிந்துவிட்டது. மேசைமேல் அழகிற்காக வைத்திருந்த மூன்று சுண்ணாம்புக் கற்களையும், நாள்தோறும் தூசி துடைக்கவேண்டியிருந்தமையால் வெளியே எறிந்துவிட்டார். பார்ப்பவர்க்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் இதிற் பொதிந்துள்ள உண்மை பெரிது. ஒவ்வொரு பொருளும் தன்னை உடையவனிடம் நாள்தோறும் சிறிது பொழுதை வரியாக வாங்குகின்றது. பொருள் பெருகப் பெருக, வாழ்நாளின் பெரும்பகுதி அவ்வரியைச் செலுத்துவதிலேயே கழிந்துவிடுகின்றது. தோரோ தம் தேவைகளைச் சுருக்கிக்கொண்டார். அதனால், ஆண்டில் ஆறு வாரம் உழைத்தாலே தம் செலவு முழுவதற்கும் போதும் என்று கண்டார். எஞ்சிய நாட்களெல்லாம் அவருக்கே உரியவையாயின.

அந்நாட்களை அவர் சோம்பிக் கழிக்கவில்லை. விடியற்காலையில் பொய்கையில் நீராடுவார். இரண்டரை ஏக்கர் நிலத்தில் பெரும்பாலும் அவரை இனப் பயிரை விளைத்து, வெறுங்காலுடன் களை கொத்துவார். முதலாண்டு அவ்வுழவில் அவர் பெற்ற ஊதியம் 8 டாலர் 71½ செண்டு. சிற்சில நாட்களில் காலை முதல் நண்பகல்வரை வாயிலில் அமர்ந்து, பறவைகளின் ஒலியைக் கேட்டவாறு சிந்தனையில் ஆழ்ந்திருப்பார். ஏனைய வேளைகளில் எழுதுவார். மூன்றாண்டுகளாக முற்றுப்பெறாதிருந்த ஆற்றுப்பயண நூல் அக்குடிலில் உருப்பெற்றது. தமையனாரின் பிரிவால் உறைந்துகிடந்த உள்ளம், காட்டின் அமைதியில் உருகி எழுத்தாக ஓடத் தொடங்கியது எனலாம்.

இயற்கையை அவர் கற்பனைக் கண்ணால் மட்டும் நோக்கவில்லை. வால்டன் பொய்கைக்கு அடியே இல்லை என்று அவ்வூரார் நெடுங்காலம் நம்பிவந்தனர். 1846ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பொய்கை உறைந்திருந்த காலத்தில், தோரோ பனிக்கட்டியின்மேல் நடந்து சென்று, நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் துளையிட்டுக் கல் கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் கண்டார். மிக ஆழமான இடம் 102 அடி இருந்தது. பிற்காலத்தார் கருவிகளைக்கொண்டு அளந்த அளவும் ஏறத்தாழ அதுவேயாகும். உள்ளதை உள்ளவாறு காணும் இப்பயிற்சி, அவர் எழுத்திற்குத் தெளிவையும் உறுதியையும் அளித்தது.

அப்பொய்கைக்கும் தமிழகத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1846–47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனிக்கட்டி வணிகரின் ஆட்கள் பலர் வந்து, வால்டன் பனிக்கட்டியை அறுத்து அடுக்கினர். அமெரிக்கப் பனிக்கட்டி அந்நாளில் கப்பல்களில் சென்னைக்கும் வந்தது. அதனைச் சேமித்துவைக்கக் கடற்கரையில் எழுப்பிய கட்டடமே, இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகின்றது. கீதையின் மொழிபெயர்ப்பைக் குடிலில் அமர்ந்து படித்த தோரோ, தம் பொய்கை நீரைச் சென்னை மக்களும் பருகுவதாக எண்ணி மகிழ்ந்தார். சிறு குடிலில் ஒதுங்கியிருந்தவரின் உள்ளம் உலகளாவி நின்றமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

தோரோ உண்மையான துறவியல்லர் என்று குறை கூறுவாரும் உளர். அவர் அடிக்கடி ஊருக்குச் சென்றுவந்தார். பெற்றோர் இல்லத்தில் உணவு உண்டார். நண்பர்களைத் தம் குடிலுக்கு வரவேற்றார். இவை யாவும் மெய்யே. ஆயினும் மனிதரை வெறுத்து ஓடுவது அவர் நோக்கமன்று. அடிமை முறைக்கும், மெக்சிகோ நாட்டின்மேல் தொடுத்த போருக்கும் துணைபோகும் அரசிற்கு வரி செலுத்த மறுத்து, 1846ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓரிரவு சிறையில் இருந்தவரும் அவரே. அதன் பயனாக அவர் எழுதிய கட்டுரை, பிற்காலத்தில் காந்தியடிகளின் நெஞ்சிலும் இடம்பெற்றது. தனிமை அவரை உலகக் கடமையினின்று விலக்கவில்லை. அதனைத் தெளிவாகக் காணவே துணைசெய்தது.

1847ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6ஆம் நாள் தோரோ குடிலை விட்டு ஊர் திரும்பினார். அவர் அங்கு வாழ்ந்தது இரண்டாண்டு, இரண்டு திங்கள், இரண்டு நாள். தமையனாரின் நினைவாக எழுதிய நூல் 1849இல் ஆயிரம் படிகள் அச்சாயிற்று. அதனை வாங்குவார் மிகச் சிலரே. 1853இல், விற்காத 706 படிகள் மூட்டைகளாக அவர் வீட்டிற்கே திரும்பி வந்தன. அச்செலவின் கடனையும் அவரே தீர்க்கவேண்டியிருந்தது. அப்படிகளை முதுகிற் சுமந்து மாடிக்கு ஏற்றி அடுக்கியவர், அன்று மாலையே மீண்டும் எழுத அமர்ந்தார். குடிலிலே தொடங்கிய மற்றொரு நூலை அவர் பன்முறை திருத்தித் திருத்தி எழுதி வந்தார். ‘வால்டன்’ என்னும் அந்நூல் 1854ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்தது. பொய்கைக் கரையில் வாழ்ந்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டு; அவ்வாழ்க்கை நூலாய்க் கனிவதற்குப் பின்னும் ஏழாண்டுகள் வேண்டியிருந்தன. தோரோ 1862இல், தம் 44ஆம் அகவையில் மறைந்தார். அந்நூல் இன்றும் பல நாட்டாரால் பயிலப்படுகின்றது.

எல்லோரும் காட்டிற் குடிலமைத்து வாழ்தல் இயலாது. அது வேண்டுவதும் அன்று. தோரோவும் ஆற்றவேண்டிய ஒரு பணியை உள்ளத்திற் கொண்டு சென்றார், ஆற்றியபின் மீண்டார். வேண்டாத பொருள்களைக் குறைத்தால் பொழுது கிடைக்கும். கிடைத்த பொழுதை ஒரு மரத்தடியிலோ ஆற்றங்கரையிலோ அமைதியாகக் கழித்தால் உள்ளம் தெளியும். தெளிந்த உள்ளத்தோடு, நெடுநாள் முடியாதிருக்கும் பணியை எடுத்து முடித்தல்வேண்டும். தரிசாகக் கிடந்த நிலத்திற்குப் பெருமை, அடுத்த பருவத்தின் விளைவாலன்றோ விளங்கும்?