வலிக்காத உறுப்பு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

"எனக்குத்தான் வலியே இல்லையே, ஆஸ்பத்திரி எதுக்குடா?"

சென்ற ஆண்டு என் தந்தை கேட்ட கேள்வி இது. அவர் செங்கல் சூளைத் தொழிலாளி. இடுப்பு வலிக்கு மருத்துவர் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கி விழுங்குவது அவரது பல்லாண்டுப் பழக்கம். தலைசுற்றல் என்றபோதுதான் மருத்துவமனைக்கு அழைத்தேன்.

அந்த வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிறுநீர்ச் சோதனை நடந்தது. சோதனைக் குழாயின் மேற்பகுதியைச் சூடாக்கினோம், வெண்மையாகக் கலங்கியது. நீர்த்த அசெட்டிக் அமிலம் சில துளிகள் விட்டும் கலங்கல் மறையவில்லை. அது ஆல்புமின் என்னும் புரதம். "இது கசிகிறவருக்குப் பெரும்பாலும் எந்த வலியும் இராது" என்றார் பேராசிரியர். எனக்குத் தந்தையின் முகம் நினைவுக்கு வந்தது.

நமது சிறுநீரகம் ஒவ்வொன்றும் கைமுட்டி அளவுதான். ஒன்றில் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, பெரும்பகுதியை இரத்தத்திற்கே திருப்பி அனுப்பிவிட்டு, சுமார் 1.5 லிட்டரைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அழிந்த நெஃப்ரான் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவை அதன் சுமையையும் தாங்குவதால், நோய் முற்றும்வரை வெளியே தெரிவதில்லை.

சிறுநீரகத்தைக் கெடுப்பவற்றுள் முதன்மையானவை நீரிழிவும் இரத்தக் கொதிப்பும். வலி மாத்திரைகளுள் பல சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. வெயிலில் வியர்த்து, போதிய நீர் அருந்தாதவருக்குத் தீங்கு இன்னும் அதிகம்.

நண்பர்களே, நாம் செய்ய வேண்டியவை எளியவை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் உள்ளதும் இக்கணக்கில் சேரும். சிறுநீர் அடர் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று கொள்ளலாம். சிறுநீரை அடக்கலாகாது. புகைபிடித்தல் வேண்டாம். நாற்பதைக் கடந்த பெற்றோருக்கு ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர்ப் புரதம், கிரியேட்டினின் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

ஒருநாள் கூலியை விட்டு என் தந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்தார். இரத்த அழுத்தம் 160/100. சிறுநீரில் சிறிதளவு ஆல்புமின். "நல்ல வேளை, இப்போதே வந்தீர்கள்" என்றார் மருத்துவர். இன்று அவர் கொதிப்பு மாத்திரையைத் தவறாமல் உண்கிறார். வலி மாத்திரையை விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நான் கற்ற பாடங்களுள் வீடுவரை சென்ற முதற்பாடம் இதுவே. உங்கள் வீட்டிற்கும் இது செல்லட்டும்.